சப்பாத்தின் பூர்வீகம்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேடேறினால், கருவாட்டுக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறது நஜீம் நானாவின் கடை. பலகையில் ‘சப்பாத்துக் கடை’ என்று மட்டும் எழுதியிருக்கும். யாருடைய கடை, எப்போது தொடங்கியது என்ற தகவல் எதுவும் கிடையாது. காயல்பட்டினத்திலிருந்து வந்து அந்தக் கடையைப் போட்ட நானாவின் வாப்பா சிக்கனத்தில் மகான். எழுத்துக்கு இவ்வளவு என்று பெயிண்டர் கூலி பேசியதும் முதல் வெட்டாகத் தன் பெயரையே வெட்டியவர். மிஞ்சியது காலில் மாட்டும் சப்பாத்து மட்டும்.

நஜீம் நானாவுக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. எதிரே வந்து சிரிப்பவரை ஐயத்தோடு பார்ப்பார். பார்வை மெல்லக் கீழிறங்கி, கோணிய சுண்டுவிரலிலோ வெடித்த குதிகாலிலோ முட்டி நின்றதும் முகம் மலரும். “அட, நோர்வூட்டு ஆளா, நல்லா ஈக்கிறீங்களா” என்பார். தன் கல்யாணத்தன்று மணமகளைப் பார்க்கச் சொன்னபோதும் அவர் முதலில் பார்த்தது பாதத்தைத்தானாம். மனைவி றுக்கையா இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடையின் பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு மரத்தட்டு. அதில் உள்ள சப்பாத்துகள் விற்பனைக்கு அல்ல. அவை ஏற்கெனவே விற்றுப்போனவை. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. மலைநாட்டில் அன்று சப்பாத்து வாங்கியவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பாதை ஒரு நடையிலேயே தோலைத் தின்றுவிடும். மிச்சத்தை மழையும் அட்டையும் பார்த்துக்கொள்ளும். இது வெளியே சொல்லப்பட்ட காரணம். சொல்லப்படாத காரணம் இன்னொன்று. சப்பாத்துப் போட்ட காலோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் இறங்கினால் கங்காணி கண்ணில் விழும், கணக்கப்பிள்ளை காதில் விழும், மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் “தொர வந்துட்டாருடா, வழி விடுங்கடா” என்று ஒரு குரல் எழும். அப்புறம் அன்றைக்கு எந்த மலையில் வேலை கிடைக்கும் என்பது ஆண்டவன் கையில்.

ஆகவே மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வருவார்கள். கடைக்குப் பின்னால் இருந்த பீலியில் விழும் தண்ணீரில் காலைக் காட்டிச் சேற்றைக் கழுவி, சாக்கில் துடைத்து, தட்டிலிருந்து தம் சோடியை எடுத்து மாட்டிக்கொண்டு பூசைக்கோ படத்துக்கோ பெண் பார்க்கவோ போவார்கள். பொழுது சாய்வதற்குள் வந்து கழற்றி வைத்துவிட்டு மலையேறுவார்கள். ஹட்டனில் கௌரவமாகவும் தோட்டத்தில் பத்திரமாகவும் இருந்தார்கள். இந்தச் சேவைக்கு வாப்பா கூலி வாங்கவில்லை. அமானிதம் என்றார். இன்னொருவர் பொருளை நம்பிக் கொடுத்தால் கேட்கும்வரை காக்க வேண்டும், அவ்வளவுதான். சிக்கனத்துக்கும் ஒரு எல்லை இருந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறுகளில் பீலியடியில் வரிசை நிற்கும். ஈரக்கால்களின் சத்தம், பாலிஷ் வாசம், இரவல் சப்பாத்து கேட்டு வந்த மாப்பிள்ளைகளின் கெஞ்சல். சப்பாத்து போட்டவுடன் மனிதர்களின் நடை மாறுவதை இளவட்டமாக இருந்த நஜீம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். கூன் நிமிரும். கை சட்டைப்பைக்குள் போகும். குரல் கூட ஒரு படி இறங்கும். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கடையில் புழுதி என்று சமாளித்துவிடுவார்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் கோச்சி புறப்பட்ட காலத்தில், தேயிலைச் செடி வெட்டும் நல்லமுத்து என்ற கவ்வாத்துக்காரர் தன் கறுப்புச் சோடியைத் தட்டில் விட்டுவிட்டுப் போனார். போகிற இடத்தில் இதைப் போட்டு நடக்க ஒரு டவுன் இருக்குமா என்று தெரியாது, இங்கேயே இருக்கட்டும் என்றார். ஸ்டேஷனில் அழுகை வானத்தை எட்டியது. நானா ஒவ்வொரு நோன்பிலும் அந்தச் சோடிக்குப் பாலிஷ் போட்டுவருகிறார்.

இப்படிப்பட்ட சரித்திரப் பிரசித்தி பெற்ற நிறுவனத்துக்குத்தான் கத்தாரிலிருந்து ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் ரிஃகான், நானாவின் மகன்.

ரிஃகான் நல்ல பிள்ளை. தோஹாவில் பெரிய கடைத்தொகுதியொன்றில் வேலை பார்த்து, சேர்த்ததைக் கொண்டுவந்து கடையில் போட்டான். கண்ணாடி, விளக்கு, குஷன் வைத்த ஆசனம் எல்லாம் வந்தன. பழைய தட்டு இருந்த சுவரில் முழுநீள நிலைக்கண்ணாடி வரவேண்டும் என்றான். கடைக்குப் பெயர் ‘ஃபீட் அவென்யூ’. கொழும்பில் செய்த, உள்ளுக்குள் விளக்கெரியும் பலகை ஏற்கெனவே வந்து, போர்வை போர்த்திக்கொண்டு மாடிப்படியில் சாய்ந்திருந்தது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திறப்பு என்று நாளும் குறித்தாயிற்று.

நானா வேண்டாம் என்றார். ஏன் என்று மகன் கேட்டான். வேண்டாம் என்று திரும்பவும் சொன்னார்.

“சப்பாத்து தமிழே இல்ல வாப்பா” என்றான் ரிஃகான். “தோஹாவில தமிழ்நாட்டுப் பொடியன்மாரிட்டச் சொன்னா சிரிக்கிறானுகள். சப்பாத்திக் கடையான்னு கேக்கிறானுகள். ஊர் பேர் தெரியாத ஒரு சொல்ல எனத்துக்கு இப்பிடிக் கட்டிப் புடிக்கிறீங்க? நல்லதா ஒரு காரணம் செல்லுங்க. நான் பலகயத் திருப்பி அனுப்புறேன்.”

சொன்னவன் சொன்ன சொல் காப்பவன். அதுதான் நானாவுக்குப் பெரிய கவலை. காரணம் ஒன்று கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் வாப்பாவின் பலகை விறகுக்குப் போகும், தட்டில் இருக்கும் சோடிகள் சாக்குக்குப் போகும்.

அந்த வாரத்திலேதான், சிவனொளிபாத மலை ஏறி இறங்கிய ஒரு ஸ்பானியப் பெண், வாயைப் பிளந்த சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள். அடி அட்டை முழுதும் கழன்று தொங்கியது. நானா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த றுக்கையாவிடம், “பாவம், புள்ளட சப்பாத்து போயிட்டு” என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “ஸபாத்தோ?” என்றாள்.

“சப்பாத்து” என்றார் நானா, திருத்தும் பாவனையில்.

“ஸபாத்தோ” என்றாள் அவள், விட்டுக்கொடுக்காமல்.

பிறகு கைபேசி மொழிபெயர்க்க, இருவரும் ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் உலக வரலாற்றில் இறங்கினார்கள். அவள் ஸ்பெயினின் தெற்கிலிருந்து வந்தவள். சப்பாத்து அவர்கள் நாட்டிலும் சப்பாத்துத்தான். வடக்கே இருப்பவர்கள் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துத் ‘தபாத்தோ’ என்பார்களாம். அதை அவள் செய்துகாட்டியபோது றுக்கையா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சப்பாத்துக் கடைக்காரருக்கு அங்கே ‘ஸபாத்தேரோ’ என்று பெயர். வீட்டில் சப்பாத்து அடுக்கும் தட்டுக்கும் அதே பெயர்தான். அவள் நானாவைக் காட்டி ஒருமுறையும் பின்சுவரைக் காட்டி ஒருமுறையும் அதைச் சொன்னாள். நானா அன்றிலிருந்து சற்று நேராக உட்காரத் தொடங்கினார். ஒரு நாட்டு மொழியே தன்னையும் தட்டையும் பிரிக்கமுடியாதென்று தீர்ப்பளித்திருக்கும்போது மகனா பிரிப்பது?

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் கல்யாணப் பேச்சில் ஒரு பக்கத்து உறவை மட்டும் கேட்டு முடிவெடுப்பார்களா? குடும்பத்தை முழுதாக விசாரிக்க வேண்டும். சப்பாத்தின் குலம், கோத்திரம், தாய்வழி, தந்தைவழி அனைத்தையும் விசாரிக்க நானா புறப்பட்டார். புறப்பட்டார் என்றால் முக்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார் என்று பொருள். ஹட்டனில் உலகமே கடைவாசல் வழியாகத்தான் போகும்.

முதலில் அகப்பட்டவர் வியாகுலம். தபால் கந்தோரில் ஆயுள் முழுக்க முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர், மாதா கோயில் பாடகர் குழுவில் இன்னும் ஓய்வுபெறாதவர். சப்பாத்து போர்த்துக்கீசரோடு வந்தது என்று அவர் அடித்துச் சொன்னார். அவர்கள் ‘ஸபாத்து’ என்பார்கள், ஸ்பானியர் பக்கத்து வீடு, அவ்வளவுதான் விஷயம். சாவி வந்த கப்பலில்தான் சப்பாத்தும் வந்தது. ஜன்னலும் மேசையும் அலமாரியும் அதே கப்பல். கேட்டுக்கொண்டிருந்த ரிஃகான், அப்படியென்றால் தமிழ் இல்லைதானே என்று குறுக்கே விழுந்தான்.

“சரி தம்பி” என்றார் வியாகுலம். “அப்ப மொதல்ல ஒங்க ஊட்டு ஜன்னலக் கழட்டி வெளிய போடுங்க. சப்பாத்த அப்பறம் பாப்போம்.”

சிங்களம் பேசும் பக்கத்துக் கடைக்காரர் வந்து, ‘சபத்து’ தங்களுடைய சொல் என்றார். சாட்சிக்குச் செம்பருத்திப் பூவை அழைத்தார். அதற்கு அவர்கள் மொழியில் சப்பாத்துப் பூ என்றுதான் பெயர், இதழைத் தேய்த்தால் தோல் பளபளக்கும். மணிக்கூட்டுக் கடை மலாய்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் முன்னோர் சாவகத்திலிருந்து வரும்போதே ‘ஸெப்பாத்து’ என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள் என்றார். அவர்கள் வெறுங்காலோடு வந்தார்களே என்று யாரோ கேட்டதற்கு, சொல்லைக் காலில் போட வேண்டியதில்லை என்றார்.

லெபனானில் வீட்டுவேலை செய்து திரும்பிய பேச்சியம்மா, தட்டில் உள்ள தன் வெள்ளைச் சோடியைப் பார்க்க வழக்கம்போல வந்தார். விமானத்துக்கென்று வாங்கிய சோடி அது. போகும்போது போட்டார், வரும்போது போட்டார், இடையில் அவசியப்படவில்லை. பெய்ரூட்டில் தன் மேடம் ‘ஸப்பாத், ஸப்பாத்’ என்று கத்துவார் என்றும், முதல் நாள் அது தனக்கு விளங்கியதைப் பார்த்து மேடமே பயந்துபோனார் என்றும் சொன்னார். அந்த நாட்டில் தனக்குச் சொந்தமாக விளங்கிய முதல் சொல் அதுதானாம். அதைக் கேட்டபோதெல்லாம் ஹட்டன் ஞாபகம் வந்து கண் கலங்கும். எஜமானியோ, சப்பாத்தைத் துடைக்கச் சொன்னதற்கு அழுகிறாளே என்று நினைத்துக்கொள்வார்.

நானாவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. அரபி மொழியிலும் இருக்கிறது என்றால் மகன் இனி வாய்திறக்க முடியாது.

ஆனால் விசாரணை அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மிலானில் முதியவர்களைப் பராமரிக்கும் வியாகுலத்தின் மகள் டோரீன் வீடியோவில் வந்து, இத்தாலியில் ‘சபாத்தா’ என்பது வீட்டுக்குள் போடும் செருப்பு என்றும், அதே பெயரில் ஒரு ரொட்டிப் பாணும் விற்கிறது என்றும், தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர் என்றும் சொல்லிவிட்டாள். ரிஃகான் சிரித்தே செத்தான். பிரெஞ்சில் இதன் சொந்தக்காரச் சொல் தேய்ந்த பழஞ்செருப்பையும் காலால் உதைக்கும் சண்டையையும் குறிக்கிறது என்ற செய்தியும் டோரீன் வழியாகத்தான் வந்தது. குடும்பம் என்றால் இப்படி இரண்டு பேர் இருக்கத்தான் செய்வார்கள் என்று நானா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பேரிடி பிறகுதான். மூலம் எது, முதலில் சொன்னவன் யார் என்ற கேள்விக்கு வியாகுலம் பல நாள் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ஒருவருக்கும் தெரியாது என்றார். ஸ்பானியர்களில் பலர் துருக்கியைக் கைகாட்டுகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாத பண்டிதர்கள் நிறைய. சிலர் அரபியைச் சொல்கிறார்கள், அரபி படித்தவர்களோ அது ஸ்பெயினிலிருந்து எங்களுக்கு வந்தது என்று திருப்பி விடுகிறார்கள். எல்லோர் காலிலும் இருக்கிறது, எவரும் பெற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நானா இதை மகனிடம் மறைக்கவில்லை. அமானிதக்காரர், மறைக்கத் தெரியாது. ரிஃகான் கடைசிவரை மரியாதையாகக் கேட்டான். பிறகு, “அப்ப நான் செல்லுறதுதானே வாப்பா. ஊர் பேர் தெரியாதது” என்றான். கேலியாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் நானாவைச் சாய்த்தது.

சரி, உன் விருப்பம் என்றார். ஒன்றை மட்டும் கேட்டார். சுவரை இடிக்குமுன் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சோடி வைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகட்டும் என்று பொகவந்தலாவ, மஸ்கெலியா, டிக்கோயா பஸ் கண்டக்டர்களிடம் சொல்லி அனுப்பினார்.

இங்கேதான் நானா பெரும்பிழை செய்தார். செய்தி என்பது மலையேறும்போது மூச்சு வாங்கும், இடையில் இளைப்பாறும், இளைப்பாறும் இடத்திலெல்லாம் எதையாவது சாப்பிட்டுப் பெருக்கும். ஒரு முஸ்லிம் பெரியவர் தன்னிடம் நம்பி வைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறார் என்றால் அதற்கு இரண்டே அர்த்தங்கள் உண்டென்று ஹட்டனில் எல்லா மதத்தவருக்கும் தெரியும். ஒன்று, ஹஜ்ஜுக்குப் போகிறார். அல்லது, ஒரேயடியாகப் போகிறார். ஹஜ் காலம் அப்போது இல்லை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கையில் ஹோர்லிக்ஸ் போத்தல்களோடும் தோடம்பழப் பைகளோடும் இறங்கினார்கள். பத்தனையிலிருந்து ஒரு குடும்பம் உயிர்க்கோழியோடு வந்தது. சப்பாத்து வைத்தவர்கள் வந்தார்கள், வைத்துவிட்டுச் செத்துப்போனவர்களின் மக்கள் வந்தார்கள், ஒரு காலத்தில் இரவல் போட்டுப் பெண் பார்க்கப் போனவர் அந்தப் பெண்ணையே அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாளுக்கு அன்றுதான் விஷயம் தெரியவந்தது. எல்லோரும் குரலைத் தணித்துக்கொண்டு, முக்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்த நானாவைச் சுற்றி நின்று, முகம் நல்லாத்தானே இருக்கு, ஆனா கண்ணுல ஒரு மாதிரி வெளிறல் தெரியுது என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள்.

பேச்சியம்மா நேரே வந்து அவர் கையைப் பிடித்தார். “நானா, நான் ஒங்கள ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சிக்காதீங்க. அந்த வெள்ளச் சோடி தூசியா இருக்குன்னு நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன். பொய்யி.”

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தியபோது றுக்கையாவுக்கு விளங்கியது. அவள் உள்ளே ஓடிப் போய் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் நல்லாச் செல்லு, வாப்பாக்கு ஒண்ணுமில்லன்டு செல்லு என்றாள்.

ரிஃகான் குஷன் ஆசனத்தின் மேல் ஏறி நின்றான். வாப்பாவுக்கு வருத்தம், நோய் எதுவும் இல்லை, கடைக்குப் பெயர் மாற்றுகிறோம், அவ்வளவுதான் என்று அறிவித்தான்.

கூட்டம் மூச்சுவிட்டது. பிறகு, மூச்சுவிட்ட கூட்டம் எப்போதும் செய்வதைச் செய்தது, கேள்வி கேட்டது. என்ன பெயர்? ஃபீட் அவென்யூ. அப்படியென்றால்? பாதங்கள் நடக்கும், மரம் வைத்த அகலச் சாலை என்று அவன் விளக்கினான்.

“தொர பங்களாவுக்குப் போற ரோட்ட சொல்றீங்களா தம்பி?” என்று பின்னாலிருந்து ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டார். “அதுல நாங்க நடந்தா ஏசுவாங்களே.”

யாரும் சிரிக்கவில்லை. உண்மையான சந்தேகம்.

“கண்டக்டருகிட்ட என்னான்னு சொல்லி எறங்குறது?” என்றார் பேச்சியம்மா. “அத விடுங்க. அந்தப் பேருக்கு எந்த ஊரு? ஒங்க வாப்பா சப்பாத்துக்கு ஊரு கேட்டு கேட்டு அலைஞ்சாரு. கண்டுபிடிச்சாரா?”

“இல்ல” என்றான் ரிஃகான்.

“எங்களையுந்தான் வருசக்கணக்கா கேட்டாங்க. இந்த நாடா, அந்த நாடான்னு. கேட்டவங்கெல்லாம் போயிட்டாங்க. நாங்க இங்கனதான் இருக்கோம். அதுவும் இங்கனதான் இருக்கு. அதுக்கு மேல என்ன ஊரு வேணும்?”

சொல்லிவிட்டு அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மண்ணிறச் சோடி ஒன்றைக் காட்டி, பேரனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு அளவு இருக்கிறதா என்று கேட்டார்.

இதன் விளைவுதான் யாரும் எதிர்பாராதது. நோயாளியைப் பார்க்க வந்த வீட்டில் நோய் இல்லாமல் போனால் சும்மா எழுந்து போவது மரியாதை இல்லை. வந்தவர்கள் கடைக்கு வந்தது போல் ஆகட்டும் என்று ஆளுக்கொன்று வாங்கத் தொடங்கினார்கள். பள்ளி திறக்கும் பருவம் வேறு. தட்டிலிருந்த பழைய சோடிகளை ஒருவரும் எடுக்கவில்லை. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க, இருந்துட்டுப் போகட்டும் நானா என்றார்கள். ரிஃகான் திறப்பு விழாவுக்கென்று வாங்கி வைத்த புதுச் சரக்கு அன்று மாலைக்குள் பாதி காலியானது. தோஹாவில் வியாபாரம் படித்த பிள்ளை. காலிப் பெட்டிகளை இரண்டு தடவை எண்ணினான்.

மறுநாள் அந்த ஒளிரும் பலகை போர்வையைக் கழற்றாமலேயே கொழும்புக்குத் திரும்பியது. மகன் சொன்ன காரணம், ‘சப்பாத்துக் கடை’ என்ற பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது என்பது. நானாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலி, லெபனான் என்று எத்தனை தேசங்களைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார், கடைசியில் கணக்கில் எடுக்கப்பட்டது விற்பனை மட்டுமே. வியாகுலம், எந்த நீதிமன்றத்திலும் அப்படித்தான் என்றார். றுக்கையா நானாவுக்குத் தினம் இரண்டு வேளை ஹோர்லிக்ஸ் ஆற்றிக் கொடுக்கிறாள். இன்னும் போத்தல்கள் தீரவில்லை. வழியில் சுகம் விசாரிப்பவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று நானா இப்போதெல்லாம் இலேசாக இருமிக்கொள்கிறார்.

போன மாதம் பிரேமினி என்ற பெண் வந்தாள். தலவாக்கலை ஆஸ்பத்திரியில் தாதியாகப் புதிதாக நியமனம் கிடைத்தவள், தோட்டத்து மேல் பிரிவான மேல் கணக்கில் வீடு. வெள்ளைச் சப்பாத்து வாங்கினாள். விலை கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். தன் தோட்டத்துப் பாதைக்கு இன்னும் தார் போடவில்லை, இரண்டு தேர்தலாகச் சொல்கிறார்கள் என்றாள். பின்சுவரைப் பார்த்தாள்.

நானா முக்காலியிலிருந்து எழுவதற்குள் ரிஃகான் கையை நீட்டி அந்தச் சோடியை வாங்கியிருந்தான். பேரைக் கேட்டு, ஒரு துண்டு அட்டையில் எழுதி, நல்லமுத்துவின் கறுப்புச் சோடிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தான். குதிகால் வெளியே தெரிய, மூக்கு சுவரைப் பார்க்க வைத்திருந்தான்.

அப்படி வைக்கக் கூடாது. சப்பாத்தின் மூக்கு எப்போதும் வாசலைப் பார்க்க வேண்டும். வருகிறவர் எடுத்துக் கீழே வைத்து, கால் விட்டு, அப்படியே வெளியே நடக்கலாம். மகன் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் போகும்வரை நானா காத்திருந்தார். பிறகு எழுந்து போய், வெள்ளைச் சோடியை எடுத்து, ஒரு தடவை ஊதி, திருப்பி வைத்தார்.